3டி காமெடிப் படத்தில் சிரிப்பு ஏன் வரவில்லை?

கேள்வி: சென்னையில் குழந்தைகளோடு ஒரு 3டி காமெடிப் படம் பார்த்தோம். கிராஃபிக்ஸ் நிறைய, பொருட்கள் எல்லாம் முகத்துக்கு நேரே பறந்து வந்தன. ஆனால் சிரிப்பே வரவில்லை. சின்னவள் இடைவேளைக்கு முன்பே கண்ணாடியைக் கழற்றிவிட்டாள், எனக்குத் தலைவலி. இதே நடிகர்களை டிவியில் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். கோளாறு படத்திலா, தியேட்டரிலா, எங்கள் கண்ணிலா?

பதில்:

முக்கால்வாசிக் கோளாறு படத்தில்தான். தியேட்டருக்கும் பங்கு இருக்கலாம். அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். கண்ணாடியைக் கழற்றிய குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவள் செய்ததற்கு அளந்து சொல்லக்கூடிய காரணமே உண்டு.

முதலில் சிரிப்பை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் காமெடி பெரும்பாலும் கவுன்டரில் ஓடுகிறது. ஒருவர் சொல்கிறார், அடுத்தவர் முகம் மாறுகிறது, நாம் சிரிக்கிறோம். வசனம் முடிந்ததும் எத்தனையாவது ஃப்ரேமில் அந்த முகத்துக்கு வெட்டுவது என்பதில்தான் எடிட்டரின் கைவண்ணமே. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஆறு ஃப்ரேம் தள்ளிப்போனாலே ஜோக் ஆறிப்போன காபி ஆகிவிடும்.

3டியில் இந்தக் கணக்கு இடிக்கிறது. ஒரு பொருள் திரைக்கு முன்னால் தெரியும்போது இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்பி அதைப் பிடிக்கின்றன, திரைக்குப் பின்னால் தெரிந்தால் கொஞ்சம் விரிகின்றன. பேசுபவர் திரைக்கு முன்னாலும், அடுத்த ஷாட்டில் கேட்பவர் திரைக்கு நன்றாகப் பின்னாலும் இருந்தால், கட் விழுந்த கணத்தில் இரண்டு கண்களும் புது இடத்தைத் தேடிப் போக வேண்டும். அதற்குக் கால் நொடியோ அதற்கு மேலோ பிடிக்கும். கால் நொடி என்றால் ஆறு ஃப்ரேம். நடிகரின் புருவம் உயர்ந்து இறங்கிய அந்த ஆறு ஃப்ரேமை உங்கள் கண் இரட்டையாகத்தான் பார்த்தது. முகம் தெளிவாகத் தெரிந்தபோது ரியாக்‌ஷன் முடிந்திருந்தது. டிவியில் இந்தத் தடை இல்லை. அதே நடிகர், அதே வசனம், ஆனால் கண் ஒரே தளத்தில் நிற்கிறது.

இதற்கு மருந்து உண்டு. கட்டுக்கு முன்னும் பின்னும் எட்டுப் பத்து ஃப்ரேமுக்குள் இடது, வலது படங்களைக் கிடைமட்டமாக நகர்த்தி, இரண்டு முகங்களையும் ஒரே தூரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மெதுவாகச் செய்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. படம் முழுக்க ஒவ்வொரு கட்டாக உட்கார்ந்து செய்யும் வேலை இது. வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இதுதான். நகர்த்தினால் ஓரத்தில் படம் குறையும் என்பதால், எடுக்கும்போதே சட்டகத்தைச் சற்று அகலமாக வைத்து எடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாத படத்தில் பின்னால் திருத்தவும் இடமிருக்காது.

அடுத்தது முகத்துக்கு நேரே பறந்து வந்த பொருள். ஒரு தேங்காயை வைத்துக் கணக்குப் போடலாம். திரை 12 மீட்டர் அகலம், படம் 2048 பிக்சல் அகலம் என்றால் ஒரு பிக்சல் திரையில் ஏறத்தாழ 6 மி.மீ. பெரியவரின் இரண்டு கருவிழிகளுக்கு இடையே சுமார் 65 மி.மீ. வலது கண்ணுக்கான தேங்காயும் இடது கண்ணுக்கான தேங்காயும் திரையில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைத்தான் பேரலாக்ஸ் என்கிறோம். இரண்டும் குறுக்கே மாறி (வலது கண்ணுக்கானது இடப்பக்கம், இடது கண்ணுக்கானது வலப்பக்கம்) 65 மி.மீ. விலகினால், தேங்காய் உங்களுக்கும் திரைக்கும் சரிபாதியில் தெரியும். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு முகத்தெதிரே 1 மீட்டரில் தெரிய வேண்டுமென்றால் 910 மி.மீ. விலக வேண்டும், கிட்டத்தட்ட 155 பிக்சல். திரை அகலத்தில் ஏழரை சதவீதம். கண் நோகாமல் பார்க்க, முன்பக்கம் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்பதுதான் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை.

இதே தேங்காய், 6 மீட்டரில் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கு 40 செ.மீ. தூரத்தில் தெரியும். அவர் கண் திரையில் ஃபோகஸ் வைத்தபடியே மூக்கருகில் ஒருங்கிணைய வேண்டும். நிஜ வாழ்க்கையில் இந்த இரண்டும் பிரிந்து வேலை செய்வதே இல்லை. நீங்கள் புத்தகத்தைப் பார்த்தால் ஃபோகஸும் புத்தகத்தில், கண் திரும்பலும் புத்தகத்தில். 3டி தலைவலியின் முதல் ஊற்று இந்தப் பிரிவு. எப்போதாவது ஒரு நொடி வந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு தேங்காய், ஒரு செருப்பு, ஒரு கோழி என்று வீசிக்கொண்டே இருந்தால் தாங்காது.

பின்பக்கக் கணக்கில் இன்னொரு ஆபத்து, உங்கள் சின்னவள் மாட்டிக்கொண்டது இதில்தான் என்று நினைக்கிறேன். திரைக்குப் பின்னால் வெகுதூரம் காட்ட, இரண்டு படங்களையும் எதிர்ப்பக்கம் விலக்குவார்கள். அந்த விலகல் 65 மி.மீ.யைத் தாண்டினால் கண்கள் இரண்டும் வெளிப்பக்கம் பிரிய வேண்டும். மனிதக் கண்ணுக்கு அது இயல்பான வேலை இல்லை. 12 மீட்டர் திரையில் 65 மி.மீ. என்பது வெறும் 11 பிக்சல். இப்போது வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஒரு சின்ன அறையில், 24 அங்குல மானிட்டரில் 3டி சரிபார்க்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே ஒரு பிக்சல் கால் மி.மீ.தான். 11 பிக்சல் விலகல் 3 மி.மீ. கூட வராது, படம் தட்டையாகத் தெரியும். ‘ஆழம் போதவில்லை, ஏற்று’ என்பார்கள். 30 பிக்சலுக்கு ஏற்றினால் மானிட்டரில் 8 மி.மீ., பார்க்க அருமையாக இருக்கும். அதே 30 பிக்சல் பெரிய திரையில் 17 செ.மீ.க்கு மேல். பின்வரிசையில் ஓரளவு சமாளிக்கலாம், முன்வரிசையில் வேதனை. குழந்தைகளுக்குக் கருவிழி இடைவெளி 50 முதல் 55 மி.மீ. அளவில்தான் இருக்கும். பெரியவரின் கணக்கில் எல்லைக்குள் இருக்கும் படமே அவர்களுக்கு எல்லை மீறிவிடும். குழந்தைகளுக்காக எடுக்கும் படத்தில் பின்பக்கத்தை எட்டு பிக்சலுக்குள் நிறுத்த வேண்டும். மானிட்டரில் அது ஏமாற்றமாகத் தெரிந்தாலும் அப்படியே விட வேண்டும், பெரிய திரையில் ஒரு ரீல் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

படப்பிடிப்புக்கு வருவோம், காமெடிக்கு அதிக சேதம் அங்கேதான். நேரடியாக 3டியில் எடுக்க இரண்டு கேமரா வேண்டும். பழைய நடைமுறைக் கணக்கு ஒன்று உண்டு: மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்குதான் இரண்டு லென்ஸுக்கும் இடைவெளி. நடிகர் ஒரு மீட்டரில் நின்றால் 33 மி.மீ. கேமராவின் உடம்பே அதைவிட அகலம், பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியாது. அதனால் 45 டிகிரியில் பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியை வைத்து, ஒரு கேமரா அதன் வழியாகவும் மற்றொன்று அதில் தெரியும் பிம்பத்தையும் எடுக்கும் ரிக் பயன்படுத்துகிறார்கள். கண்ணாடி ஒளியைப் பாதியாக்குகிறது. 3டியில் மங்கிய பின்னணி உறுத்தும் என்பதால் லென்ஸின் துளையையும் 5.6, 8 என்று சுருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து விளக்கைப் பல மடங்காக்குகின்றன.

மே மாதச் சென்னையில் அத்தனை விளக்கின் கீழ் நிற்கும் நடிகரின் நெற்றியைப் பாருங்கள், வியர்வை மின்னும். சாய்ந்த கண்ணாடி ஒளி அலைகளின் அதிர்வை ஒரு திசைப்படுத்துவதால் அந்த மினுமினுப்பு ஒரு கேமராவில் பளிச்சென்றும் மற்றதில் மங்கியும் பதிவாகும். படத்தில் அவர் நெற்றி மட்டும் காரணம் தெரியாமல் துடிப்பது போலிருக்கும். கார் கண்ணாடி, தண்ணீர், எண்ணெய் தேய்த்த முடி எல்லாவற்றிலும் இதே கதைதான். ரிக்குக்கு முன்னால், இந்தத் திசை வேறுபாட்டைச் சமன்செய்யும் கால் அலைத் தகடு ஒன்றைப் பொருத்தினால் பெருமளவு சரியாகும். மேக்கப் ஆளை ஒவ்வொரு டேக்குக்கும் முன் ஒற்றி எடுக்கச் சொல்வதும் அவசியம்.

இதைவிடப் பெரிய இழப்பு, நடிகருக்கு இடம் இல்லாமல் போவது. நம் காமெடி நடிகர்கள் எழுதிய வசனத்தை அப்படியே சொல்பவர்கள் இல்லை. மூன்றாவது டேக்கில் புதிதாக ஒன்று விழும், எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்வார், பக்கத்தில் இன்னொரு கேமரா அதை வாங்கும். 3டி ரிக் கனமானது, பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், லென்ஸ் மாற்றினால் இரண்டு கேமராவையும் மறுபடி நேர்ப்படுத்த வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, தரையில் ஒட்டிய டேப்பில் நின்று, அளந்த தூரத்துக்குள் கை நீட்டி நடிப்பவரிடம் அந்தத் திடீர்ச் சிரிப்பை எதிர்பார்க்க முடியாது.

அதனால்தான் பலர் சாதாரணமாக எடுத்துவிட்டுப் பின்னால் 3டிக்கு மாற்றுகிறார்கள். அது குற்றமில்லை. 2012-இல் ‘சிவாஜி’ அப்படித்தான் மாற்றி வெளியிடப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘அம்புலி’யும், 2018-இல் வந்த ‘2.0’வும் நேரடியாக 3டியில் எடுக்கப்பட்டவை. இரண்டு வழியிலும் நல்ல வேலை சாத்தியம், நேரம் கொடுத்தால். இரண்டேகால் மணிப் படத்தில் கிட்டத்தட்ட 1,94,000 ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் ஆளை, முடியை, கையை, கண்ணாடி டம்ளரைத் தனித்தனியாக வெட்ட வேண்டும். அதுதான் ரோட்டோ. பிறகு ஒவ்வொன்றுக்கும் தூரம் தர வேண்டும், நகர்த்தினால் பின்னால் திறந்துகொள்ளும் வெற்றிடத்தைப் பெயின்ட் செய்து நிரப்ப வேண்டும். அவசரத்தில் சேதமாவது முகம். மூக்கு, கன்னம், காது மூன்றுக்கும் தனித்தனித் தூரம் தராமல் முழுத் தலைக்கும் ஒரே தூரம் கொடுத்தால், நடிகர் அட்டையில் வெட்டி நிறுத்திய கட்அவுட் ஆகிறார். சோர்ந்த கன்னத்தையும் துருத்திய கீழுதட்டையும் வைத்துப் பிழைக்கும் கலை காமெடி. அதைத் தட்டையாக்கிவிட்டுத் தேங்காயை மட்டும் உருண்டையாகக் காட்டினால் யார் சிரிப்பார்கள்? நேரடி 3டியிலும் 85 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸில் குளோஸப் எடுத்தால் இதே அட்டை முகம்தான் வரும். 25 முதல் 35 மி.மீ. லென்ஸோடு நடிகருக்குக் கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும்.

கிராஃபிக்ஸ் விஷயம் சுருக்கமாக. 2டியில் மறைந்துகொள்ளும் தவறு 3டியில் காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டரில் செய்த குரங்கின் பாதம் தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே மிதப்பது, புகையும் நெருப்பும் பழைய சேமிப்பிலிருந்து எடுத்து ஒட்டிய தட்டைத் துணியாகத் தொங்குவது, வயர் அழித்த தடம் ஒரு கண்ணில் மட்டும் தெரிவது. இவை எல்லாம் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகச் செய்து சரிபார்க்க வேண்டியவை.

நம் படங்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். புகை பிடிக்கும் காட்சியில் எச்சரிக்கை வாசகம் போட்டாக வேண்டும், குடிக்கும் காட்சியிலும் போடுகிறார்கள். காமெடியில் டாஸ்மாக் காட்சிக்குப் பஞ்சமில்லை. வாசகத்தைத் திரைத் தளத்தில் வைத்துவிட்டு, குடிப்பவரைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்தால், எழுத்து அவர் மார்பின் மேல் தெரியும், ஆனால் அவருக்குப் பின்னால் இருப்பதாகக் கண் சொல்லும். பார்த்தவுடன் கண் கூசும். வாசகத்தையும் சப்டைட்டிலையும் அந்தச் சட்டகத்தில் ஆக அருகில் உள்ள பொருளைவிடக் கொஞ்சம் முன்னால் வைக்க வேண்டும், அல்லது அந்தக் காட்சி முழுவதையும் திரைக்குப் பின்னால் தள்ள வேண்டும். இரண்டாவதுதான் நல்லது.

தோளுக்கு மேலிருந்து எடுக்கும் ஷாட்டும் இதே ரகம். தோள் திரைக்கு முன்னால் தெரிகிறது, ஆனால் திரையின் ஓரம் அதை வெட்டுகிறது. பின்னால் இருக்கும் ஓரம் முன்னால் இருக்கும் தோளை எப்படி வெட்டும்? இடது படத்தின் இடது ஓரத்திலும் வலது படத்தின் வலது ஓரத்திலும் மெல்லிய கறுப்புப் பட்டை வைத்தால், திரைச் சட்டமே முன்னால் நகர்ந்தது போலத் தெரியும், முரண்பாடு போய்விடும். கவுன்டர் காமெடி முழுக்கத் தோள் ஷாட்டில் நடப்பதால், பட்டை வைக்காத படம் இரண்டு மணி நேரமும் உறுத்தும்.

இவ்வளவு சொன்னதால் 3டியும் காமெடியும் ஒட்டவே ஒட்டாது என்று முடிவு கட்ட வேண்டாம். 1984-இல் வந்த இந்தியாவின் முதல் 3டி படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ குழந்தைகளைக் குதூகலப்படுத்தியது. அதில் விளையாடுவது ஒரு மாயக் குட்டி, அவன் திரையை விட்டு வெளியே வந்தால் கதைக்குப் பொருந்துகிறது. 1953-இல் வந்த ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ படத்தில் கடைவாசலில் கூவி அழைப்பவன் ரப்பர் கயிற்றில் கட்டிய பந்தை மட்டையால் நம்மை நோக்கி அடிப்பான். அதை எடுத்த ஆந்த்ரே தெ தோத்துக்கு ஒரு கண்தான் பார்வை. கூவி அழைப்பவன் கூட்டத்தைப் பார்த்துத்தானே அடிப்பான், அந்தக் கூட்டமாக நம்மை ஆக்கியதால் அது எடுபட்டது. வீசுவதற்குப் பாத்திரத்திடம் காரணம் வேண்டும்.

அதைவிட நல்ல வழி, எதையும் வீசாமல் தூரத்தையே ஜோக்காக்குவது. ஒரு கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா பந்தியின் ஒரு முனையில், உட்கார்ந்தவரின் கண் உயரத்தில், 25 மி.மீ. லென்ஸ். வாழை இலைகள் நம்மிடமிருந்து உள்ளே வரிசையாகப் போகின்றன. முதல் இலை ஒன்றரை மீட்டரில், ஆகவே லென்ஸ் இடைவெளி 50 மி.மீ. மூன்றாவது இலையில் பசியோடு நம் ஆள். திரைத் தளத்தை அவர் மேல் வைக்கிறோம், அதாவது அவர் திரை இருக்கும் தூரத்திலேயே தெரிவார், கண் அங்கேயே ஓய்வாக நிற்கும். பந்தியின் அந்தக் கோடியிலிருந்து பாயசப் பாத்திரம் கிளம்புகிறது. ஒவ்வோர் இலையாக வருகிறது. அவர் இலையைத் துடைத்து, கையை மடக்கிக்கொண்டு காத்திருக்கிறார். நான்காவது இலை வரை வந்த பாத்திரம் காலி, பரிமாறுபவர் திரும்பி நடக்கிறார். இருபது நொடி, ஒரு கட்டும் இல்லை. பாத்திரம் நெருங்குவதை நம் இரண்டு கண்ணும் அளக்கின்றன. அது திரும்பிப் போகும் தூரத்தையும் அளக்கின்றன. 2டியைவிட இங்கே சிரிப்பு கூடும், ஏனென்றால் ஆழம்தான் ஜோக்.

கூட்டக் காமெடியில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஐந்து பேர் நிற்கும் சட்டகத்தில் ஓரத்து ஆளின் முழியில்தான் பல நேரம் சிரிப்பு இருக்கும். 3டியில் கண் முதலில் ஓடுவது ஆக அருகில் இருக்கும் பொருளிடம். முன்னால் ஒரு பூந்தொட்டி இருந்தால் போதும், ஓரத்து முழி கவனத்துக்கு வராமலே போய்விடும். சிரிப்பு எவரிடம் இருக்கிறதோ அவரைத்தான் அருகில் நிறுத்த வேண்டும்.

இனி தியேட்டர். 2டி படத்துக்குத் திரை வெளிச்சம் 14 அடி லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது நிர்ணயம். 3டியில் நான்கரை கிடைத்தாலே நல்லது, பல இடங்களில் மூன்றோ அதற்கும் கீழோதான். ஒரே புரொஜெக்டர் இரண்டு கண்ணுக்கும் மாறி மாறிக் காட்டுவதால் பாதி போகிறது, இரண்டு கண்ணுக்குமான ஒளியைப் பிரித்துக்காட்டும் துருவத் தகட்டிலும் உங்கள் கண்ணாடியிலும் மீதியில் ஒரு பங்கு போகிறது. வெள்ளி நிறப் பூச்சுள்ள திரை அதில் கொஞ்சத்தை மீட்கும், ஆனால் நடுவே பளிச்சென்றும் ஓரம் இருட்டாகவும் இருக்கும். மாநிறமும் கறுப்பும் கொண்ட நம் முகங்களில் கண்ணோரச் சுருக்கம்தான் முதலில் இருட்டில் மறைகிறது. 3டிக்கென்று தனியாக டி.ஐ. (நிறத்தையும் வெளிச்சத்தையும் கம்ப்யூட்டரில் திருத்தும் வேலை) செய்து முகத்தைத் தூக்கிவிடாத படத்தில், இரவுக் காட்சி காமெடி வெறும் குரலாகத்தான் கேட்கும்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். கண்ணாடியை ஒரு கணம் கழற்றித் திரையைப் பாருங்கள். இரட்டைக் கோடுகளே இல்லாமல் சாதாரணப் படம் போலத் தெரிந்தால், அந்தக் காட்சியில் 3டியே அவ்வளவாக இல்லை. மாட்டிக்கொண்டு, இருட்டுப் பின்னணியில் வெள்ளை வேட்டி சட்டை வரும் ஷாட்டைக் கவனியுங்கள். வேட்டிக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு வேட்டி தெரிந்தால், ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குக் கசிகிறது. முதலில் கண்ணாடியைத் துடையுங்கள், தலையை நேராக வையுங்கள். பிறகும் இருந்தால் புரொஜெக்டர் பக்கம்தான் வேலை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் வேறு கண்ணாடி கேளுங்கள்.

எல்லாமே உள்ளே வெளியே மாறி, தூரத்து மலை முன்னாலும் ஆள் பின்னாலும் இருப்பது போலக் குழப்பமாக இருந்தால், கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இடது தகடு வலது கண்ணுக்கு வந்துவிடும். அப்போது படம் சரியாகத் தெரிந்தால் இடமும் வலமும் மாறி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே போய்ச் சொன்னால் ஆபரேட்டர் சில நொடியில் மாற்றிவிடுவார். இடம் எடுக்கும்போது திரைக்கு நேர் நடுவில், அரங்கின் பாதிக்குப் பின்னால் எடுங்கள். சின்னவளுக்கு முன்வரிசை வேண்டவே வேண்டாம். அதே படத்துக்கு 2டி காட்சி இருந்து, படம் கவுன்டர் காமெடி என்று தெரிந்தால், அந்தக் காட்சிக்கே கூட்டிப் போங்கள்.